வெந்த எடை

காலை பத்து இருபதுக்கு ரேவதியை ஸ்கேன் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் தாளில் குழந்தையின் எடை தொள்ளாயிரம் கிராம் என்று இருந்தது.

அடுத்து அனு போனாள். அவள் தாளில் ஆயிரத்து ஐம்பது.

அனு ரேவதியின் ஓரகத்தி. கொழுந்தன் பாலாஜியின் மனைவி. இருவருக்கும் ஏழாம் மாதம். ரேவதியின் பிள்ளை பத்து நாள் மூத்தது. ரேவதிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். அனுவுக்குப் பதினொரு மாதம்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றாள் நர்ஸ் லில்லி. "எடை கம்மிக்குப் பத்துக் காரணம் இருக்கும். ஆனா உன் சாப்பாட்டுல புரதம் கம்மி. வீட்ல முட்டை உண்டா?"

"நாங்க சைவம், சிஸ்டர்."

"இருக்கட்டுமே. சைவத்துல இல்லாததா? பருப்பு, பயிறு, பால், தயிர், வேர்க்கடலை. இட்லியில இருக்கற உளுந்தும் புரதந்தான். இப்ப சாப்பிடறதோட தெனமும் அம்பது கிராம் கொண்டைக்கடலை சேத்துக்கோ."

தாளின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தாள். ரேவதி அதை நான்காக மடித்துப் பர்சில் வைத்தாள்.

"சிஸ்டர் இன்னா சொன்னாங்கக்கா?" என்று அனு கேட்டாள்.

"தண்ணி நெறையக் குடிக்கச் சொன்னாங்க."

ஆட்டோவில் அனு கொய்யாப்பழம் கடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையார்பாளையம் வரும் வரை அந்தச் சத்தம் ரேவதிக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் இரண்டு தறிகள். தறிக்குப் பக்கத்தில், பட்டு நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு. மதியம் அவள் கணவன் பரசுராமனும் பாலாஜியும் சாப்பிடப் போனதும் ரேவதி அங்கே போவாள். வெந்த கொண்டைக்கடலையை நீர் வடித்து, தட்டில் கொட்டி நிறுப்பாள். ஐம்பது வந்ததும் நிறுத்திவிடுவாள். நின்றபடியே தின்றுவிட்டுத் தட்டைத் துடைப்பாள். மீதம் இருப்பதைத் தறிக்காரர்களுக்குச் சுண்டல் என்று வைத்துவிடுவாள்.

நிறுப்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அவள் சாயப்பட்டறைக்காரர் மகள். வேகாத பட்டில் பசையின் எடையும் சேர்ந்திருக்கும். ஒரு கிலோ பட்டை வேகவைத்தால் முக்கால் கிலோதான் நிற்கும். அந்த முக்கால்தான் பட்டு.

இரவுச் சாப்பாட்டில் அனு மூன்றாம் முறை சாதம் வாங்கினாள். மாமியார் கமலாட்சி அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்படி எடுப்பா இருக்குது பாரு."

ரேவதி ரசத்தை அனுவின் பக்கமாக நகர்த்தினாள். கை தானாகவே செய்தது.

நான்கு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். ரேவதிக்கு ஆயிரத்து நானூறு. அனுவுக்கு ஆயிரத்து எழுநூறு.

"நான் சொன்னதைச் சாப்பிடறியாமா?" என்றாள் லில்லி.

"ஒரு நாள்கூட விடல."

அன்று மாலை நான்கு மணிக்கு அனுவின் மாடி அறைக் கதவு சாத்தப்பட்டது. தினமும் சாத்தப்படுவதுதான். உள்ளே ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. மசக்கை நாட்களில் பாலாஜி வாங்கிக் கொடுத்தது. ரேவதி மாடிப்படியின் கீழே நின்றாள்.

அனு திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காதல் கல்யாணம். இந்த வீட்டுக்கு வருமுன் எல்லாம் சாப்பிட்டவள். வந்த அன்று மாமியாரிடம் இனித் தொடுவதில்லை என்று சொல்லியிருந்தாள்.

முட்டை. அப்படித் தோன்றியதும் ரேவதிக்கு ஒரு மாதத்தில் முதல்முறையாக மூச்சு நிதானமாக வந்தது. முட்டைதான் ஜெயித்தது, அனு இல்லை.

மறுநாள் நான்கு மணிக்கு மாமியாரிடம் போனாள்.

"அத்தை, அனு மேல முட்டை வேக வெச்சுக்கினு இருக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"குக்கர் விசில் கேக்குது."

"குக்கர்ல யாருடி முட்டை வேக வெப்பாங்க?"

"வாசனை வெளிய வரக்கூடாதுன்னுதான்."

கமலாட்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பின்னால் ரேவதி ஏறினாள், வயிற்றில் ஒரு கையும் கம்பியில் ஒரு கையுமாக. கதவு தாழிடப்படவில்லை. கமலாட்சி நேராகப் போய், ஆவி அடங்கியிருந்த குக்கரைத் திறந்தாள்.

கொண்டைக்கடலை.

"இன்னா அத்தை, உங்களுக்கும் வேணுமா?" என்றாள் அனு.

கமலாட்சி கட்டிலில் உட்கார்ந்தாள். "முட்டை முட்டைன்னு சொல்லி என் முட்டியை ஒடச்சிட்டா உங்கக்கா."

அனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முட்டை துன்னணும்னா ரோட்டுக்கடையில ஆம்லெட் துன்னுட்டு வாயைத் தொடச்சிக்கினு வர மாட்டேனா? கதவைத் தெறந்தா தறிச் சத்தம், தூங்க முடியல. அதான் சாத்தறேன்."

"இதை யார் சொன்னாங்க?" என்றாள் ரேவதி.

"லில்லி சிஸ்டர்தான். ஊசி போடப் போனப்ப சொன்னாங்க. தெனமும் அம்பது கிராம்."

ரேவதி குக்கருக்குள் பார்த்தாள். எடை அவளுக்குக் கண்ணிலேயே தெரியும்.

"இது அம்பது இல்ல. நூத்துப்பத்துக்குக் கொறையாது."

"வெந்தா அப்படித்தான் வரும். நான் ஊற வெக்கறதுக்கு முன்னாடியே நிறுத்துடுவேன்."

"வேகாததை எப்படி நிறுப்ப? வெந்தப்புறம் நிக்கறதுதானே எடை."

அனு மறுபடி சிரித்தாள். "அக்கா, அது பட்டு. வெந்தா கொறையும். இது கடலை. தண்ணி குடிச்சு ரெண்டு மடங்கா ஊதும். வெந்ததுல அம்பதுன்னா பாதிகூட உள்ள போவாது."

கமலாட்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேவதி குக்கர் மூடியைக் கையில் எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடியிலிருந்து நீர் அவள் புடவையில் சொட்டியது.

அனுவின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை நாளாக்கா இப்படி நிறுத்துக்கினு இருக்க?"