நாளொன்றுக்குப் பூஜ்யம் நிமிடம்

சதுரங்கத்தில் தேற ஒரு மனிதன் தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு மனிதகுலம் இதுவரை சரியான விடை கண்டதில்லை. நான் கண்டேன். விடை: பூஜ்யம் நிமிடம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரி கேன்டீனில், ஜன்னலோர மேசையில், தொடர்ந்து நாற்பத்தொரு ஆட்டங்கள் ஜெயித்த ஆராய்ச்சியின் முடிவாகச் சொல்கிறேன்.

வாதம் எளிமையானது. மூளை இருப்பவனுக்குப் பயிற்சி தேவையில்லை. மூளை இல்லாதவன் பயிற்சி செய்தும் பிரயோஜனமில்லை. ஆக, பயிற்சி யாருக்குமே உதவாத ஒரு பொருள். இந்தக் கருத்தை ‘பயிற்சி: மந்தபுத்திக்கு ஒரு மாத்திரை’ என்ற தலைப்பில் நான்கு பக்கம் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தேன். இரண்டு பக்கங்களை யாரோ கை துடைக்க எடுத்துப் போய்விட்டார்கள். மீதி இரண்டுக்கும் அமோக வரவேற்பு. அதாவது, வக்கீல் படித்தான்.

வக்கீல் என் நண்பன். படிப்பது வேதியியல். எதற்கும் யாருக்காகவும் வாதாடுவான் என்பதால் அந்தப் பெயர்.

எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தது. என் தங்கை அதே கல்லூரியில் முதல் வருடம். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் காந்தப் பலகையை விரித்து, சரியாக நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். முப்பத்தொன்பதில் எழ மாட்டாள். நாற்பத்தொன்றில் உட்கார மாட்டாள். அவளுக்கு ‘நாற்பது நிமிஷம்’ என்று நான் பெயர் வைத்தேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதுதான் எரிச்சல்.

“எத்தனை நாளாடி இந்தக் குதிரையையே மேய்ச்சிட்டு இருக்கே?”

“ஒன்பது நாளா.”

“இந்நேரம் நெஜக் குதிரையா இருந்தா பேசவே கத்துக்கிட்டிருக்கும்.”

“பேசுற குதிரை ஏற்கெனவே வீட்ல ஒண்ணு இருக்கே” என்றாள், பலகையிலிருந்து நிமிராமலே.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். இருபது வருடமாகப் பயிற்சியாளர் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தே வாழ்ந்தவர். யாராவது வேகமாகப் பேசினால் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நான் என் தத்துவத்தை விளக்கிய அந்தக் காலையில் மேசையே லேசாக ஆடியது.

“கிளட்சை யாரும் புத்தியால மிதிக்கிறதில்லடா. காலுக்குத் தெரியணும்.”

“அப்பா, இது செஸ். இதுல காலுக்கு வேலையே இல்ல.”

“அப்பக் கைக்குத் தெரியணும்” என்று சொல்லிவிட்டு டீயை முடித்து எழுந்து போனார். கார் ஓட்டுபவரிடம் இதைவிட ஆழமாக எதிர்பார்க்க முடியாது என்று மன்னித்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் கல்லூரி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. என் வருகைப் பதிவு அறுபத்தொரு சதவீதம். எழுபதுக்குக் கீழே இருந்தால் பரீட்சை எழுத முடியாது. அந்த வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். கேன்டீனில் நாற்பத்தொரு ஆட்டம் ஜெயிக்க நான் கொடுத்த விலை இது என்பதை அலுவலகம் புரிந்துகொள்ளவில்லை. எழுத்தரிடம் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான சதுரங்கப் போட்டிக்குப் போகும் அணிக்குப் பன்னிரண்டு நாள் வருகைப் பதிவு போட்டுத் தருவார்கள். அது கிடைத்தால் எழுபதைத் தாண்டிவிடுவேன். அணியில் நான்கு பேர். மூன்று இடம் நிரம்பிவிட்டது. நான்காவது இடத்துக்கு வந்தவர்களை வரிசையாகக் கழித்ததில் இரண்டு பேர் மிஞ்சினோம். நானும் நாற்பது நிமிஷமும்.

அன்று மாலை நான் பெருந்தன்மையோடு சமாதானப் பேச்சு தொடங்கினேன்.

“உனக்குத் தொண்ணூத்தெட்டு சதவீதம் வருகை இருக்கு. இன்னும் பன்னெண்டு நாளை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? ஊறுகாயா போடப் போறே?”

“நான் வருகைக்காகப் போகலண்ணா. விளையாடப் போறேன்.”

“எனக்கு ஒரு வருஷம் போயிடும்டி.”

“மூளை இருக்கிறவனுக்கு எதுவும் தேவையில்லனு பலகையில எழுதி ஒட்டினியே. வருகை மட்டும் எதுக்காம்?”

“நீ என் கூடப் பொறந்தவ தானே?”

“போர்டுக்கு இந்தப் பக்கம் வந்தா நான் கறுப்புக் காய். வேணும்னா ஜெயிச்சு எடுத்துக்கோ.”

எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பயிற்சி செய்யாததால் தூங்க நிறைய நேரம் இருந்தது.

இங்கே கேன்டீன் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜன்னலோர மேசையில் ஒரு காயை நகர்த்துவது என்பது ஒரு முடிவல்ல, ஒரு சுற்றுலா. காயை எடுப்போம். ஒரு கட்டத்தில் வைப்போம். விரலை எடுக்காமல் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்போம். யாராவது ‘ப்ச்’ என்றால் அடுத்த கட்டத்துக்குப் போவோம். சரிப்படவில்லையென்றால் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேறு காயை எடுப்போம். விரல் விடாதவரை எதுவும் நடக்கவில்லை. ‘சும்மா தொட்டுப் பார்த்தேன்’ என்ற மூன்று சொற்களில் அடங்கும் சட்டம். நாற்பத்தொரு வெற்றிகளும் இந்தச் சட்டத்தின் நிழலில் கிடைத்தவைதான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

தேர்வை நடத்தியவர் பி.டி. சார். அவர் வாலிபால்காரர். எல்லாம் விளையாட்டுதானே என்று நிர்வாகம் சதுரங்கத்தையும் அவர் தலையில் கட்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன் எங்கள் இருவரையும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டார். “வேர்வை வரலைனா அது விளையாட்டே இல்ல” என்றார். நான் மூச்சிரைக்க உட்கார்ந்தேன். தங்கை கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு காய்களை அடுக்கினாள்.

நான் நன்றாகத்தான் ஆடினேன். இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. தங்கையே பிறகு ஒத்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் அவளுடைய ராஜாவை ஒரு மூலையில் அடைத்துவிட்டேன். என் யானையை ஒரு கட்டம் தள்ளினால் அடுத்ததில் ஆட்டம் முடிந்தது. அவளிடமும் ஒரு மிரட்டல் இருந்தது. அவளுடைய ராணியும் மந்திரியும் என் ராஜாவை ஒட்டிய ஒரு கட்டத்தைக் குறிவைத்து நின்றன. ஆனால் அந்தக் கட்டத்துக்கு என் குதிரை காவல் நின்றது. குதிரை அசையாதவரை பயமில்லை.

யானையைத் தள்ளத்தான் கையை நீட்டினேன். ஆனால் ஜெயிக்கப் போகிறவனுக்கு ஒரு நிதானம் வருமே, அது வந்தது. குதிரையால் இன்னும் அழகாக முடிக்க முடியுமா என்று ஒரு யோசனை. குதிரையை எடுத்தேன். ஒரு கட்டத்தில் வைத்தேன். வக்கீலின் முகத்தைப் பார்த்தேன். அவன் ‘ப்ச்’ என்றான். இன்னொரு கட்டத்துக்குப் போனேன். அதுவும் சரியில்லை. குதிரையைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு யானையிடம் போனேன்.

“அண்ணா, குதிரையைத் தொட்டாச்சு.”

“சும்மா தொட்டுப் பார்த்தேன்.”

“தொட்டதைத்தான் நகர்த்தணும்.”

வக்கீல் எழுந்தான். “சார், விரல் விடலையே சார். கேன்டீன்ல ரெண்டு வருஷமா இதான் நடைமுறை. திடீர்னு மாத்துனா எப்படி? குதிரைக்கு ஒரு உணர்ச்சி இருக்கில்ல?”

பி.டி. சாருக்கு யானை எது, மந்திரி எது என்று அன்றுவரை தெரியாது. குதிரையை மட்டும் முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். ஆனால் தொடுவது என்றால் என்னவென்று அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

“நெட்டைத் தொட்டியா?” என்றார் என்னிடம்.

“சார், இங்க நெட்டே இல்ல சார்.”

“தொட்டியா, தொடலையா?”

“தொட்டேன் சார். ஆனா…”

“தொட்டா தொட்டதுதான்” என்று விசிலை ஊதினார்.

என் குதிரைக்குப் போக ஐந்து கட்டங்கள் இருந்தன. ஐந்தையும் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் காயைத் தொடாமல் பார்த்தேன். எங்கே போனாலும் அந்தக் கட்டத்தின் காவல் போய்விடும்.

“எங்க தாவினாலும் அதே கட்டத்தைத் திரும்பக் காக்க முடியாதுண்ணா” என்றாள் தங்கை, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. “வெள்ளைக் கட்டத்துல நின்னா கறுப்பைத்தான் பார்க்கும். தாவினா கறுப்புல நிக்கும், வெள்ளையைப் பார்க்கும். குதிரை அப்படித்தான்.”

ஒன்பது நாள் அவள் எதை மேய்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போது தெரிந்தது. குதிரையை நகர்த்தினேன். காவல் போன கட்டத்தில் அவள் ராணி வந்து உட்கார்ந்தது, ஆட்டம் முடிந்தது. வக்கீல் மேல்முறையீட்டுக்கு எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

தங்கை பலகையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பி.டி. சாரிடம் போய், “சார், அணிக்கு ஒரு மாற்று ஆள் வேணும்ல? இவன் நல்லாத்தான் ஆடுறான் சார். கைதான் கொஞ்சம் நீளம்” என்றாள்.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். ஆனால் போட்டிக்குப் போகாத ஆளுக்கு வருகையைச் சும்மா தர முடியாது. தினமும் காலை எட்டு மணிக்கு விளையாட்டுச் சாமான் அறைக்கு வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து பயிற்சி செய்தால் நாளுக்கு அரை நாள் வருகை. இருபத்துநான்கு நாள் வந்தால் பன்னிரண்டு நாள்.

“எவ்வளவு நேரம் சார்?” என்று கேட்டேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் சொன்னாள்.

“கொள்கையை வித்துட்டியேடா” என்றான் வக்கீல். விற்கவில்லை என்று விளக்கினேன். நான் போவது கையெழுத்துக்காக. உடம்பு அங்கே இருக்கும், மூளை ஒத்துழைக்காது. முதல் நான்கு நாள் அப்படியே செய்தேன். காற்றுப் போன பந்துகளுக்கும் ரப்பர் வாசனைக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். எட்டு நாற்பதுக்குக் கையெழுத்து. எட்டே முக்காலுக்கு வகுப்பு.

ஐந்தாம் நாள் தங்கை பலகையின் மூலைக் கட்டத்தில் ஒற்றைக் குதிரையை வைத்தாள். அதற்குக் குறுக்கே ஒட்டியிருக்கும் கட்டத்தைக் காட்டி, “இங்க போக எத்தனை நகர்த்தல்?” என்றாள்.

“ரெண்டு” என்றேன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நாலு.”

“பக்கத்து வீட்டுக்குப் போக நாலு தாவலா? சான்சே இல்ல.”

“சரி, ரெண்டு” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் எப்போதும் இப்படித்தான். வாதத்தை முடிக்காமல் போய்விடுவாள். மற்றவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் போட்டேன்.

ஒன்பது மணிக்கு வக்கீல் கதவுக்குள் தலையை நீட்டினான். “டேய், வகுப்பு ஆரம்பிச்சுப் பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. பேர் கூப்பிட்டாச்சு. உனக்கு இன்னிக்கு ஆப்சென்ட். இங்க என்ன பண்றே?”

“ஒண்ணும் பண்ணல. சும்மாதான் இருக்கேன். போ, வர்றேன்.”

அவன் காலடிச் சத்தம் படிக்கட்டில் இறங்கி மறையும்வரை காத்திருந்தேன். பிறகு குதிரையை மறுபடி மூலையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.