பல் டாக்டரின் கித்தார்

என் கணவர் எலெக்ட்ரிக் கித்தார் செய்கிறவர். 'செய்கிறவர்' என்று சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "நான் கருவி படைக்கிறேன்" என்பார். அந்தப் படைப்பில் பாதி என் கையால் நடக்கிறது என்பது மட்டும் அவர் நினைவுக்கு வருவதே இல்லை. கித்தார் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. கித்தார் கம்பியின் அதிர்வை ஸ்பீக்கர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அது இல்லாவிட்டால் அவர் படைத்தது வெறும் வழவழப்பான பலகை. பதினான்கு வருடமாக அந்தச் சுற்றுகளைச் சுற்றுகிறவள் நான்.

வாடிக்கையாளர்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வந்தவர் வாசல் தாண்டியதும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். தகர டப்பா, செவிட்டுச் சிங்கம், காதல் தோல்வி. நானும் சேர்ந்து சிரிப்பேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் அதிகமாக இளக்காரம் செய்தது தன் சொந்தத் தங்கை கணவரை. அவர் பல் டாக்டர். வீட்டுச் சுவரில் பதினோரு கித்தார் மாட்டி வைத்திருக்கிறார். பதினொன்றிலும் வாசிக்கத் தெரிந்தது, விரல்களைச் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற அதே நாலு கார்டுதான். ஆனால் டோன், அதாவது சத்தத்தின் குணம், பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப் பாலாடை படிந்துவிடும். சொந்தக்காரர் என்பதால் எழுந்து போகவும் முடியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அவரைக் கண்டால் கொட்டாவிதான் வரும்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வந்தார். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் பேனாவால் ஒரு கித்தார் வரைந்திருந்தார்.

"மச்சான், கழுத்துப் பக்கம் பேஸ் கித்தாரோட பிக்கப் ஒண்ணு வைக்கணும். பெருசு, அந்த சோப்புக்கட்டி மாதிரி இருக்குமே, அது. பின்னாடி மெல்லிசா ஒரு குழாய் பிக்கப். நடுவுல எதுவும் வேண்டாம்."

பேஸ் பிக்கப் என்பது நாலு தடித்த கம்பிக்காகச் செய்வது. அதன் சத்தம் வயிற்றில் இறங்கும். குழாய் பிக்கப்பின் சத்தமோ ஊசி மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே கித்தாரில் வைத்துத் தரச் சொல்லி யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

"செஞ்சுரலாம் மாப்பிள்ளை, உங்களுக்கு இல்லாததா!" என்று என் கணவர் தேனாகப் பேசினார். கார் தெருமுனை திரும்பியதும் அந்த உறையை என் மேஜையில் எறிந்தார்.

"எருமையையும் எறும்பையும் ஒரே வண்டில பூட்டணுமாம். பல்லு புடுங்குறவனுக்கு வந்த ஆசையைப் பாரு."

ஏன் இப்படி ஒரு கித்தார் வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

வேலை சுலபமாக இல்லை. பேஸுக்கு உரிய நாலு காந்தக் குமிழ்கள் ஆறு கம்பிகளுக்கு நேராக வராது. அதனால் குமிழ்களுக்குப் பதிலாக நீளமான இரும்புப் பட்டை ஒன்றை வைத்தேன். அந்தப் பெரிய பிக்கப்புக்கு மட்டும் இரண்டு சுருள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் சுற்று. ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை கம்பி அறுந்தது. முதலிலிருந்து சுற்றினேன். குழாய் பிக்கப்பையும் சுற்றி முடித்து, மெழுகில் முக்கி எடுத்து, ஆறவைத்து, அவர் கையில் கொடுத்தேன். அவர் கித்தாரின் உடம்பைக் குடைந்து, கழுத்தை ஒட்டி, வார்னிஷ் அடித்து, மூன்று வாரத்தில் முடித்தார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. மரவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் திமிர் அங்கிருந்துதான் வருகிறது.

டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெரிய பிக்கப்பை மட்டும் ஆன் செய்து, ஆறு கம்பிகளில் தடித்ததை ஒருமுறை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி தட்டினார். கார்டு எதுவும் பிடிக்கவில்லை.

"இது பேஸ் பிக்கப் இல்லையே மச்சான்."

"என்ன மாப்பிள்ளை, கண்ணு முன்னாடி இருக்கு!"

"மூடி மட்டும்தான் பேஸோடது. உள்ள இருக்கிறது சாதாரண கித்தார் பிக்கப்."

என் கணவர் எங்களிடம் வருகிற கத்துக்குட்டிகளைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "கித்தார் கம்பிக்கு அடியில வச்சா பேஸ் பிக்கப் இப்படித்தான் கேக்கும். அதெல்லாம் காதுக்குப் பழக்கம் வேணும்."

டாக்டர் கோபப்படவில்லை. "மச்சான், இருபத்திரெண்டு வருஷமா என் வலது காதுக்குப் பக்கத்துல ட்ரில் கத்துது. மேல்சத்தம் எல்லாம் அந்தக் காதுல போயிருச்சு. இடது காதும் கிளம்பிட்டு இருக்கு, அது போற வரைக்கும் கேக்கத்தான் அந்தக் குழாய். எனக்குன்னு மிச்சம் இருக்கிறது கீழ்ச்சத்தம்தான். பழைய பேஸ் பிக்கப் ஒண்ணை டேப் போட்டு ஒரு கித்தார்ல ஒட்டி, ரெண்டு மாசம் கேட்டுப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். இதுல என்னை ஏமாத்த முடியாது."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"நீ சும்மா இரு" என்றார் என் கணவர்.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, இரண்டு திருகைக் கழற்றி, அந்தக் கறுப்பு மூடியை நெம்பினேன். உள்ளே கடையில் டஜன் கணக்கில் கிடைக்கும் சாதாரண பிக்கப் ஒன்று, ஆடாமல் இருக்கப் பஞ்சு அடைத்து, உட்கார்ந்திருந்தது. அந்தப் பஞ்சை இரண்டு விரலால் இழுத்து எடுத்தேன். பொய்யைக்கூட எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறார் மனுஷன்!

"நான் சுத்தினது எங்க?"

அவர் கண் உடைந்த பாகங்கள் போடும் அட்டைப் பெட்டியின் பக்கம் போய் வந்தது. போய்ப் பார்த்தேன். இருபதாயிரம் சுற்றும் ஒரு துருப்பிடித்த கீலுக்கு அடியில் கிடந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் மாப்பிள்ளை," என்று இழுத்தார். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. வெளிய யாராவது கேட்டா என் பேருதான் கெடும்."

"வேண்டாம்னு சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேன்" என்றார் டாக்டர். "நல்ல பல்லைப் புடுங்கிட்டு, உங்க நல்லதுக்குத்தான்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ செஞ்சு தருவியா?"

"ரெண்டு நாள் குடுங்கண்ணா" என்றேன்.

என் கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இரண்டு நாளும் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் சரியான நேரத்துக்குக் காலியாகித் திரும்பி வந்தது. மானஸ்தர்.

சத்தம் பொருந்தாது என்று அவர் சொன்னது பொய்யில்லை. பேஸ் பிக்கப் குழாயின் சத்தத்தை முழுங்கித்தான் விட்டது. அதற்கு வழி இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், மெனக்கெடும் அளவுக்கு அந்த ஆள் லாயக்கில்லை என்று விட்டிருப்பார். நான் பெரிய பிக்கப்பைக் கித்தார் கம்பிகளிலிருந்து தள்ளி, கீழே இறக்கி வைத்தேன். குழாய்க்கு இன்னும் கொஞ்சம் சுற்று கூட்டினேன். இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் வைத்தேன். மூன்று தடவை சால்டரிங் செய்து மூன்று தடவை பிரித்தேன்.

டாக்டர் வந்து வாசித்தார். அதே நாலு கார்டு. வாசிப்பில் எந்த முன்னேற்றமும் இல்லை, மூன்றாவது கார்டில் வழக்கம்போல விரல் வழுக்கியது. ஆனால் தடித்த கம்பிகள் மேஜையில் இருந்த திருகுகளை எல்லாம் நடுங்க வைத்தன. அதற்கு மேலே குழாயின் சத்தம் மெல்லிய கோடு போல் தனியாக ஓடியது. அவர் வலது காதை கித்தாரின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அன்று கொட்டாவி வரவில்லை.

"வருது தங்கச்சி" என்றார். டோன் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கித்தாரைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். என் கணவரை விசாரிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு குடும்ப விசேஷங்களில் பார்த்தால் "வாங்க மச்சான்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

ஒரு மாதம் கழித்து அந்த கித்தாரைக் கேட்டுவிட்டு ஒருவர் தேடி வந்தார். ஏதோ ஒரு இசைக்குழுவில் வாசிக்கிறவர். அதேபோல் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

என் கணவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது ரொம்ப நாளா என் மனசுல இருந்த ஐடியா சார். பேஸையும் குழாயையும் சேக்க முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் விடல. தனித்தனி வால்யூம் குடுத்தேன் பாருங்க, அங்கதான் சூட்சுமம்."

வந்தவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சார், அதைச் சுத்தினது நான். இவர் போட்டது பஞ்சு" என்றேன். "உங்களுக்கு எந்த மாதிரி வேணும், இப்படி வந்து சொல்லுங்க."