பதினெட்டு பீர் என்ற பதில்

ஷானா மலின்ஸ் குடியை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அதை மூன்று தடவை சொல்லிவிட்டாள். எதிரே இருந்த ப்ரெண்டிஸின் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. போலீஸில் ஓய்வு பெற்று, அரசாங்கத்துக்காக ஆட்களைத் துருவும் வேலைக்கு வந்தவன் அவன். அவன் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் ராணுவ ரகசிய வேலை பார்க்க அவளுக்குப் பாதுகாப்பு அனுமதி. அது இல்லையென்றால், தற்காலிகமாகச் சேர்ந்திருந்த கம்பெனியில் கடற்படை ராடாருக்கு மென்பொருள் எழுதும் வேலை இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பு தெரியாத குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள்.

அவள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, விட்டுப்போன காதலன் என்று எல்லாரிடமும் ஏற்கெனவே விசாரித்திருந்தான். காலையிலேயே குடிப்பாளா என்றுகூடக் கேட்டிருக்கிறான். இப்போது இரண்டு தாள்களை அவள் முன்னால் தள்ளினான். ஒன்று அவள் நிரப்பிய அரசாங்கப் படிவம்: குடித்த காலத்தில் ஒரு நாளைக்கு ஆறு பீர். மற்றது மேற்கு வர்ஜீனியா குடி மறுவாழ்வு மையத்தின் பதிவேடு: ஒரு நாளைக்குப் பதினெட்டு.

"ரெண்டுல எது பொய், மிஸ் மலின்ஸ்?"

"பதினெட்டு."

ஆறு என்று சொன்னால் காப்பீட்டு நிறுவனம் வாரம் ஒரு நாள் ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்துபோகச் சொல்லும். பதினெட்டு என்றால்தான் மையத்தில் தங்கிக் குணமாக ஒரு பெட்டுக்குப் பணம் தரும். அவளுடைய மலையூரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவளுடைய அத்தை மகன் வெய்லன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பெட் கிடைக்காமல் வீடு திரும்பினான். மூன்றே வாரத்தில் அவன் பிணத்தோடு காரை ஓடைக்குள்ளிருந்து தூக்கினார்கள். ஷானாவின் முறை வந்தபோது, பேனாவைப் பிடித்திருந்த நர்ஸ் வில்மா நிமிர்ந்து பார்த்து, "ஆறுன்னு எழுதினா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. உனக்குப் பெட் வேணுமா, வேணாமா?" என்றாள். ஷானா வேண்டும் என்றாள்.

வில்மாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மீதியை அவனிடம் சொன்னாள்.

காப்பீட்டுக்காரனை ஏமாற்றியிருக்கிறீர்கள், இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றான் ப்ரெண்டிஸ். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செத்திருப்பேன் என்றாள். அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான்.

"ஏத்திச் சொல்லச் சொன்னது யாரு?"

அவள் இரண்டு தாள்களையும் அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"பேரைச் சொன்னா உங்க மேல விழுற பழி பாதியாக் குறையும். சொல்லலேன்னா, விசாரணையில பதில் தர மறுத்ததா ஆகும். உங்க கதைய முடிக்க அது ஒண்ணே போதும்."

வில்மா இன்னும் அதே மேஜையில்தான் இருந்தாள். இன்று காலையிலும் பெட் கேட்டு ஒருத்தி அவள் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"என்னப் பத்தி என்ன வேணா கேளுங்க சார். எங்கெங்க வாந்தி எடுத்தேன்னுகூட வரிசையாச் சொல்றேன். வேலைக்கு விண்ணப்பம் போட்டது நான். அவங்க இல்ல."

ப்ரெண்டிஸ் சிரித்தான். "மலைக்காரங்க நீங்க எல்லாருமே இப்படித்தான். ஒருத்தர ஒருத்தர் மூடி மறைச்சே குழியில கிடப்பீங்க."

"குழியில கிடந்தப்ப கை குடுத்தது அவங்க. நீங்க எங்க இருந்தீங்க? அதையும் சேத்து எழுதிக்கோங்க."

ஐந்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குடிப்பழக்கம்: நீண்ட காலமாக விட்டிருக்கிறார், இனிக் கவலைக்குரியதல்ல. தவறான எண்ணிக்கை: அன்றைய நிலைமை புரிந்துகொள்ளத்தக்கது. கேள்விக்குப் பதில் தர மறுத்தது: அனுமதி மறுக்கப்படுகிறது. அன்று மதியமே கம்பெனியில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

விடுபட்ட பதிலைத் தந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் போட்டிருந்தது. ஷானா அன்றைக்கே எழுதினாள். குடித்தேன். பெட்டுக்காகப் பொய் சொன்னேன். மூன்றாவது ஆளின் பெயர் உங்களுக்கு எதற்கு?

கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, கல்லூரி நாட்களில் கல்லாவில் நின்ற கடைக்குப் போன் செய்து ஆள் தேவையா என்று கேட்டாள்.