ராசாத்திக்கு விழும் அடி

அண்ணன் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வேனின் தகரத்தில் சாத்தியபோது, சின்னவள் முற்றத்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து யாரும் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தகரம் அதிர்ந்ததில் வேனுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.

"சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றே. கேட்டுக்கிட்டே உக்காந்து மெஷினை மிதிச்சிக்கிட்டு இருந்தியா?"

"சட்டையை விடுங்க தம்பி. எப்பவும் கேக்குற சத்தம்தானே. உங்கப்பா வண்டியைப் போட்டு அடிக்கிறாருன்னு நெனச்சேன்..."

அண்ணன் அவரை முடிக்க விடவில்லை. முகத்தில் ஒரு குத்து விட்டான். கண்ணாடி தெறித்து வேனுக்கு அடியில் போய் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அடக்கத்துக்குப் போக நல்லதாக ஒன்று வேண்டுமென்று அவரே உட்கார்ந்து தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை அது.

தையல்காரர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் காக்கை கத்துவதைப் போல. யாரும் தலை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

படுக்கையும் அடுப்பும் மடக்கு மேசையும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்று கட்டிய வேன். வேறு யாரோ ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டதை அப்பா வாங்கி வந்து 'ராசாத்தி' என்று பெயர் வைத்தார். அம்மாவை அவர் அப்படி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு 'ஏய்' போதும் என்பது அவருடைய எண்ணம்.

ராசாத்தியில் அடி வாங்காமல் எதுவும் வேலை செய்யாது. உதைத்தால் கதவு திறக்கும். குத்தினால் விளக்கு எரியும். கீழே படுத்து மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால்தான் கிளம்பும். ஒவ்வொரு அடிக்கும் அப்பா வாயிலிருந்து ஒரு வசவு வரும். அந்த வசவுகளைக் கேட்டுத்தான் தெருப்பிள்ளைகள் கெட்ட வார்த்தை பழகினார்கள். "ராசாத்திக்குப் பூசை ஆரம்பிச்சாச்சு" என்று தையல்காரர் சிரிப்பார். வேனுக்கு விழுந்தது போக மிச்சம் வீட்டுக்குள் வரும். அதற்கு யாரும் சிரித்ததில்லை. அம்மாவின் இடது மணிக்கட்டு இன்னும் நேராகவில்லை. சின்னவள் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனதே அந்த மிச்சத்துக்குப் பயந்துதான்.

அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒவ்வொரு வருடமும் விடுமுறைக்கு முன்னால் அவன் ஒரே பேச்சைத் தொடங்குவான்.

"பஸ்ஸுக்கே ஒரு வயசு வெச்சிருக்காங்கப்பா. அது தாண்டுனா ரோட்டுல விடமாட்டாங்க. இதை இன்னும் எத்தனை நாளைக்கு வெச்சிருக்கறது? அடியெல்லாம் துரு. ஜாக்கி போட இடமில்ல."

"ஓடுதில்ல? ஓடுற வரைக்கும் மாத்தமாட்டேன்."

"மாத்திட்டா அம்மாவாவது உள்ள குனியாம நின்னு சமைப்பாங்க."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

அதற்கு மேல் பேசினால் தட்டு பறக்கும். அதனால் அண்ணன் வாயை மூடிக்கொள்வான். அம்மா கீழே சிதறக் காத்திருக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் துருவேறிய அந்த இடத்தில்தான் ஜாக்கி நழுவியது. ராசாத்தி அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உடனே உயிர் போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். வண்டியைத் தூக்கியபோது அடித்தகட்டில் புதிதாக விழுந்த தடங்களை அண்ணனே பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனரால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பட்டப்பகல். இந்தப் பக்கம் சமையலறை, அந்தப் பக்கம் தையல் அறை.

அண்ணன் மறுபடி கையை ஓங்கினான். தையல்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு குறுகினார். வந்திருந்தவர்கள் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். அப்பாவைப் பறிகொடுத்தவனைப் பிடித்து இழுக்க யாருக்கும் துணிவில்லை. சின்னவள் நாற்காலியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள். சோப்பு நுரை படிந்த கையோடு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தாள்.

"அவரை விடு."

"நீ உள்ள போம்மா. இந்த ஆளு எட்டிப் பாத்திருந்தா அப்பா இன்னிக்கு..."

"அவருக்கு வேலி குறுக்க இருக்கு. எனக்கு ஜன்னல்தான். நானும்தான் கேட்டேன். என்னை அடி."

ஓங்கிய கை அப்படியே நின்றது. முட்டியில் ரத்தம். அந்தக் கை யாருடையது என்று சின்னவளுக்கு ஒரு கணம் குழம்பியது.

"கையை இறக்குடா. உங்கப்பா மாதிரி நிக்காதே."

கை இறங்கியது. அம்மா குனிந்து, வேனுக்கு அடியில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, தன் சேலையில் துடைத்து நீட்டினாள். "மன்னிச்சிருங்கண்ணே." அவர் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலையை நினைத்துக்கொண்டதுபோலக் கலைந்தார்கள்.

சமையலறையில் அம்மா கழுவ, சின்னவள் துடைத்தாள். அத்தனை பேர் குடித்த தம்ளர்கள். பாத்திரத் தொட்டிக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னல் நிறைய ராசாத்தி. இங்கிருந்து ஒரு கல்லைக்கூட எறிய வேண்டாம், எட்டித் துப்பினாலே வேன்மேல் விழும். அம்மா தலையைக் குனிந்து தேய்த்தபோது முடி விலகியது. காதுக்குப் பின்னால் ஒரு காயம், ஊதா இன்னும் வெளுக்கவில்லை.

"இது எப்ப?"

அம்மா முடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைலதான். வண்டியை இந்த வருஷமாவது மாத்திடலாமான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்."

"அம்மா."

"அடிச்சிட்டு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் இங்கதான் நின்னு பாத்திரம் தேச்சிக்கிட்டு இருந்தேன்."

"சத்தம் கேட்டப்ப, வழக்கம்போல அடிக்கிறாருன்னு நெனச்சிட்டே. தையல்காரர் மாதிரி. எல்லாரும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பாங்க."

சின்னவள் அதை வேகமாகச் சொன்னாள். அம்மா வேறு எதையும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னாள். அப்பா போனதற்கு இதுவரை அவளுக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் நிம்மதி, அதன் பின்னாலேயே வெட்கம்.

அம்மா கையிலிருந்த தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வண்டியை அடிக்கும்போது திட்டுவாரு. திட்டாம ஒரு அடி அடிச்சதில்ல, உனக்குத் தெரியுமே. அன்னிக்குச் சத்தம் மட்டும்தான் வந்துச்சு." அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "சத்தம் நின்னப்பறம்தான் போய்ப் பாத்தேன்."

சின்னவளின் கையில் துணி அப்படியே இருந்தது. என்ன கேட்பது? அண்ணனிடம் சொல்வதா? இவ்வளவு நாள் இந்த வீட்டில் நடந்தபோது எங்கே இருந்தாய் என்று அம்மா திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அவள் தம்ளர் ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே துடைத்த தம்ளர்.

வெளியே தடாலென்று சத்தம் கேட்டது. அண்ணன் ஷெட்டிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்து வந்துவிட்டான். முதல் அடியில் முன்கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. அடுத்தது கதவு, அடுத்தது அப்பா கையால் எழுதிய 'ராசாத்தி' என்ற பெயர். அடிக்கு ஒன்றாக வசவுகள் வந்தன. அதே வார்த்தைகள், அதே வரிசையில். குரல்கூட அதேதான்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"திட்டுறான். ஒண்ணுமில்ல. அடிச்சிட்டு வரட்டும்."

தகரம் கிழியும் ஓசை கேட்டது. கதவு பிய்ந்து விழுந்தது. வசவுகளோடு அண்ணன் வேனுக்குள் ஏறியது ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே அடுப்பு, அலமாரி, மேசை என்று ஒவ்வொன்றாக உடைந்தன. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிறகு வசவு நின்றுவிட்டது.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உடைக்கிற சத்தம் இல்லை. தகரத்தில் மெல்ல, விட்டு விட்டுத் தட்டும் சத்தம்.

அம்மாவின் கை நீருக்கடியில் அசையாமல் கிடந்தது. முகம் வெளிறிவிட்டது. மறு நிமிடம் தம்ளர் தொட்டிக்குள் விழ, அவள் மகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெறுங்காலோடு, கண்ணாடித் துண்டுகள்மேல். அம்மா ஓடிச் சின்னவள் பார்த்ததே இல்லை.

தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழியத் தொடங்கியது. சின்னவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.