ஆயருக்குப் போட்ட கோடு

ராஜமேரியின் புருஷன் சின்னப்பராஜ், கடத்தூருக்கும் தருமபுரிக்கும் ஓடுகிற கம்பெனி பஸ்ஸின் டிரைவர். அந்த பஸ் ஒரு டீச்சருக்காக நடுரோட்டில் நிற்கிறது என்ற சேதியைக் கொண்டுவந்து சேர்த்தவள் பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள். குழாயடியில் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"உங்கூட்டுக்காரரு செனை மாடு குறுக்க வந்தாக்கூட ஹார்னை அமுக்கிக்கினே போறவரு. இசபெல்லா டீச்சரு ஒரு கால எடுத்து வெச்சா போதும், பஸ்ஸு கட்டிப்போட்டாப்புல நின்னுடுது. நீ கேக்க மாட்டியா மேரி?"

ராஜமேரி சிரித்து வைத்தாள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அவளுக்கு உறைக்கவில்லை.

இசபெல்லா டீச்சர் திருச்சிப் பக்கத்துக்காரி. தருமபுரி ரோட்டில் இருக்கிற கன்னியர் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தவள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கறுப்புக் குடை, கையில் கடிகாரம். அழகி என்று சொல்ல முடியாது. ராஜமேரிக்கு அதுதான் இன்னும் எரிந்தது. அழகில் மயங்கினவனுக்கு நாலு நாளில் தெளிந்துவிடும். மரியாதையில் மயங்கினவனை என்ன செய்வது?

இதில் இன்னொரு பழைய புண்ணும் இருந்தது. போன தை மாதம் அதே பள்ளிக்கூடத்து முன்னால், சந்தைக்கு அவரைக்காய்க் கூடையோடு ரோட்டைத் தாண்டினபோது வேறொரு பஸ் அவளை உரசிக்கொண்டு போனது. கூடை கவிழ்ந்து, காயெல்லாம் சக்கரத்தில் கூழாகி, அவள் முட்டி கிழிந்து வீடு வந்தாள். சின்னப்பராஜ் மருந்து வாங்கி வந்தான். வாங்கி வந்த கையோடு, ரோட்டில் நடக்கிறவள்தான் பார்த்து நடக்கணும், பஸ்ஸுக்குக் கண்ணா இருக்குது என்று கேட்டான். பஸ்ஸுக்குக் கண் இல்லை, ஓட்டுகிறவனுக்கு இருக்குமே என்று அவள் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். விழுங்கினது இத்தனை மாதமாகச் செரிக்காமல் கிடந்தது.

பள்ளிக்கூடத்து முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு போட்டது சித்திரை மாதத்தில். ரோட்டு இலாகா ஆட்கள் பெயிண்ட் டப்பாவோடு வந்து போட்டுவிட்டுப் போனார்கள். எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை. அதே வாரம் பிள்ளைகளுக்கு நெற்றியில் எண்ணெய் தடவி உறுதிப்பூசுதல் கொடுக்க, சாமியார்களுக்கெல்லாம் பெரியவரான ஆயர் வந்தார். ஊருக்கு அது போதும். ஆயர் நடந்துபோகப் போட்ட கோடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆயரோ காரோடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய் இறங்கினார். கோட்டை அவர் பார்த்தாரா என்பதே சந்தேகம். அப்படியும் ஊர் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. மாதா கோயிலுக்குப் போகிற சனங்கள் அதை மிதித்தால் பாவம் என்று ஒதுங்கினார்கள். தீர்த்தம்மாள் வகையறா, வேதக்காரர்கள் போட்ட கோலத்தை நாம் எதற்கு மிதிக்கணும் என்று ஒதுங்கினார்கள். மாடு நடந்தது, ஆடு நடந்தது. மனுஷர்கள் மட்டும் கோட்டுக்கு மேலண்டை பாதி, கீழண்டை பாதியாகப் புகுந்து ஓடினார்கள். கோட்டின் மேல் நடந்த ஒரே மனுஷி இசபெல்லா டீச்சர்.

மறுநாள் காலையில் ராஜமேரி பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடை மறைவில் போய் நின்றாள். டீச்சர் குடையோடு வந்தாள். கோட்டில் கால் வைத்தாள். பஸ் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் முந்தப் பார்த்தான். சின்னப்பராஜ் ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி அவனைத் தடுத்துப் பிடித்தான். அந்தக் கையைத்தான் ராஜமேரி பார்த்தாள். கல்யாணமான நாளாக அந்தக் கை தனக்காக எதையும் தடுத்து அவள் பார்த்ததில்லை.

அவன் சிரிக்கவில்லை. பூசையில் நிற்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். டீச்சரும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய பஸ் தனக்காக நிற்பது சூரியன் உதிப்பது மாதிரி என்கிற நினைப்பில் நிதானமாக நடந்து போனாள். அவள் ஒரு பார்வை பார்த்திருந்தால், இவன் பல்லைக் காட்டியிருந்தால், ராஜமேரி தெருவிலேயே கூந்தலைப் பிடித்திருப்பாள். ஒன்றுமில்லாததற்கு எப்படிச் சண்டை போடுவது? ஆனால் எரிச்சல் குறையவில்லை. எரிச்சல் புருஷன் மேலா, அந்த நடை மேலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

ராத்திரி சோறு போடும்போது கேட்டேவிட்டாள். அவன் மழுப்பவில்லை. சேலத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினாராம். கோட்டில் ஆள் கால் வைத்தால் வண்டியைக் கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். நிற்கிற வண்டியைப் பின்னால் வருகிறவன் முந்தக் கூடாது. வருகிறது யாராக இருந்தாலும் சரி.

"யாரா இருந்தாலும்னா, எங்களுக்கு ஏன் நிப்பாட்டறதில்லீங்க?"

"நீங்க எவ கோட்டு மேல வர்றீங்க? கோழியாட்டம் அங்கயும் இங்கயும் பூந்து ஓடறீங்க."

"கோடு இல்லாத எடத்துல நாங்க மனுசங்க இல்லீங்களா?"

அவன் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றான். ஊற்றினாள். சட்டப்படி அவன் சொன்னது சரியாகவே இருக்கலாம். மனசு சட்டத்தைக் கேட்டுக்கொண்டா எரிகிறது? டீச்சருக்கு நிறுத்துவதற்கென்றே சட்டத்தைத் தேடிப் பிடித்திருப்பான் என்றும் தோன்றியது. பார்த்துவிடுவது என்று படுத்தாள்.

சந்தையன்றைக்கு அவரைக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து முன்னால் போய் நின்றாள். மோர்ப்பானையோடு தீர்த்தம்மாளும் கூட வந்திருந்தாள். பஸ் வளைவில் திரும்பியது தெரிந்ததும் ராஜமேரி சிலுவை போட்டுக்கொண்டு கோட்டில் காலை வைத்தாள். பாவம் ஒன்றும் சுடவில்லை. வெயிலில் பெயிண்ட்தான் சுட்டது.

பஸ் வேகம் குறைந்தது. டிரைவர் முகம் தெரிகிற தூரம் வந்ததும், கால் வைத்தது யாரென்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. உடனே ஹார்ன். நீளமாக, விடாமல். ஜன்னல் வழியே கை வெளியே வந்து, போ, ஓரமாகப் போ என்று விரட்டியது. பெண்டாட்டிதானே, ஒதுங்கிக்கொள்வாள் என்று அந்தக் கை சொன்னது.

அவள் நகரவில்லை. பஸ் கோட்டருகே வந்து புழுதியோடு குலுங்கி நின்றது. உள்ளே ஜனங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சரிந்தார்கள். சின்னப்பராஜ் தலையை வெளியே நீட்டினான்.

"மேரி, எதுவானாலும் வூட்டுல பேசிக்கலாம். நவுரு."

"நான் பேச வரலீங்க. ரோட்டைத் தாண்டறேன்."

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பின்னால் ஒரு லாரி பஸ்ஸை ஒட்டி ஏறி வந்தது. அவனுக்கு அது கண்ணாடியில் தெரிந்தது. அவளை விரட்டிய அதே கை அப்படியே நீண்டு விறைத்தது. நிறுத்துடா என்று அவன் போட்ட சத்தத்தில் லாரி கீச்சென்று நின்றது. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. ராஜமேரி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டீச்சர் மாதிரியே முன்னால் பார்த்தபடி, டீச்சரைவிட மெதுவாக, ஒவ்வொரு பட்டையாக மிதித்து நடந்தாள்.

அந்தப் பக்கம் போய்க் கூடையை இறக்கினாள். மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்தில் தனக்காக எது நின்றது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இது நின்றது. நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

சின்னப்பராஜ் கியரைப் போட்டான். பஸ் உறுமியது. அதற்குள் எதிர்ப்பக்கம் நின்றிருந்த தீர்த்தம்மாள், பானையைப் பிடித்துக்கொண்டு கோட்டில் காலை வைத்துவிட்டாள்.

பஸ் அடங்கி நின்றது. ஹார்ன் இல்லை. தலை வெளியே வரவில்லை. கை மட்டும் மரியாதையாக நீண்டு லாரியைத் தடுத்தது. தீர்த்தம்மாள் மோர் தளும்பாமல் நடந்து வந்து சேர்ந்தாள்.

"நெசமாவே நிக்குதுடி மேரி. கம்முனு நிக்குது."

கம்மென்றுதான் நின்றது. தீர்த்தம்மாளுக்குக் கம்மென்று, டீச்சருக்குக் கம்மென்று, கட்டினவளுக்கு மட்டும் ஹார்ன். ராஜமேரிக்கு எரிச்சல் மறுபடியும் ஏறியது.

சந்தை இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கோட்டில் காலை வைத்தாள்.