முந்தி வந்தோர் தெரு

கீழ்வானம் மாதுளம்பூ நிறங்கொள்ளத் தொடங்கும் வைகறையில், கோபுரங்கள் ஒவ்வொன்றும் 'யானே உயரம், யானே உயரம்' என்று தருக்குவனபோல் இருளைக் களைந்து தலைநிமிரும் காஞ்சி மாநகரின் நெசவாளர் தெருக்களிலே, தறியேறுமுன் நீட்டிய பட்டு நெடுக்கிழைகளாகிய பாவுகள் கவைக்கோல்களின்மேல் தெருநெடுக நீண்டு, கஞ்சி பூசப்பெற்று, அறுந்த இழைகள் பிணைக்கப்பெற்று, வானவில்லைப் பிடித்து இழுத்துக் கட்டினரோ என்று காண்போர் ஐயுறுமாறு கிடக்கும். கதிரவன் கூரைக்குமேல் ஏறினால் கஞ்சி முறுகும். கஞ்சி முறுகினால் இழை அறும். ஆதலின் அந்த இரண்டு நாழிகைக் குளிர்ச்சிக்காக அத்தெருவினர், ஐந்து காணி நிலத்துக்கு அடித்துக்கொள்ளும் உடன்பிறந்தாரைவிட ஐம்பது மடங்கு கடுமையாக அடித்துக்கொள்வர் என்றால், கற்றறிந்த பெருமக்களே, நான் சற்றுக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டின் தைத்திங்களில், ஆரணியிலிருந்து அத்தகைய தெருவொன்றுக்குக் குடிவந்து பதினெட்டே திங்களான பழனி என்பானுக்கும் அவன் மனைவி வடிவுக்கும், செல்வர் மனைத் திருமணத்துக்குரிய கூறைப்புடவையின் பாவு முதன்முறையாகக் கைக்கு வந்தது. அது பழுதின்றித் தறியேறினால் நகரில் அவர்கள் கால் ஊன்றும். பழுதானாலோ, இனி எவரும் அவர்களை நம்பிப் பட்டுநூல் கொடார். அதற்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வைகறை. தெருத்தலைவர் பரசுராமன், மீசையை நீவியவாறு அதனை மறுத்தார்.

"விடியக்காலம் முந்தி வந்தவங்களுக்குப்பா. நீங்க அப்பால வந்துக்கினு முன்னால நிக்கலாமா?"

"முந்தி வந்தவங்களா?" என்று இடுப்பில் கைவைத்தாள் வடிவு. "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி, உங்க பாட்டன் தெருவுல துண்டு போட்டுட்டுப் போனாரா தலைவரே?"

தெரு சிரித்தது; தலைவர் சிரித்திலர். அன்று காலையே பிள்ளையார் கோயில் வேம்பின்கீழ் அவை கூடிற்று. முதற்கோயிலுக்குக் கல் நாட்டிய நாளிலேயே மன்னன் கைபிடித்து அழைத்துவந்த குடி தம்முடையது என்றார் பரசுராமன். "மன்னனா? அந்த மன்னன் தொட்டிலுக்குச் சீலை நெய்ஞ்சதே எங்க முப்பாட்டன்பா!" என்று எழுந்தார் எதிர்வீட்டு வேணுகோபால். தென்கடல் பெருநிலத்தை விழுங்கியபோது, தறியைத் தலையில் சுமந்து, பாவின் ஓரிழையும் நனையாமல் நீந்திக் கரையேறியவர் தம் மூதாதை என்றார் மற்றொருவர். அவருடைய குடியில் இன்றுள்ளோர் குளத்தில் இறங்கவே அஞ்சுவர் என்பதை எவரும் கேட்டாரில்லை. உச்சிப்போதுக்குள் தெரு பதினாயிரம் ஆண்டு பின்னோக்கி ஓடிவிட்டது; இன்னும் ஒரு நாழிகை விட்டிருந்தால், நிலவை நெய்து வானில் மாட்டியதும் தம் குலமே என்று எவரேனும் எழுந்திருப்பார்.

அவ்வேளையில், பாலாற்றுப் படுகையில் பழங்கற்கருவி தேடுவதற்காகத் தலைநகரிலிருந்து வந்து தலைவர் வீட்டு மாடியில் தங்கியிருந்த இளங்கோவன் என்னும் ஆராய்ச்சியாளன், கல்மூட்டையைச் சுமந்தவாறு அங்கு வந்தான். "இந்தா, தம்பியையே கேட்டுருவோம். இந்த மண்ணுக்கு யாருப்பா முந்தி வந்தது?" என்றனர் யாவரும்.

அவன் உள்ளங்கையளவுள்ள, இலைவடிவாய்ச் செதுக்கிய கல்லொன்றை எடுத்துக்காட்டினான். "இதைச் செதுக்கினவங்க நம்மள மாதிரி மனுசங்களே இல்லைங்க, வேற கிளை. நம்ம பாட்டன் பாட்டி எல்லாரும் ஆப்பிரிக்காவுலருந்து நடந்து வந்தவங்கன்னுதான் நான் நெனைக்கிறேன். மீன் கெடைச்ச எடத்துல தங்கி, கெடைக்காத எடத்துல நகர்ந்து…"

குழவியை இடுப்பிலும் நெருப்பை மட்பொதியிலும் சுமந்து, முன்னே சென்றோரின் அடிச்சுவட்டை அலை அழிக்கப் பின்னே வந்தோர் புதுச்சுவடு பதித்து, தாம் எங்குச் செல்கிறோம் என்று அறியாமலே உலகை நிறைத்த அப்பெருங்கூட்டம் ஒரு நொடி அனைவர் கண்முன்னும் நடந்து சென்றது.

"அப்போ எல்லாருமே குடிவந்தவங்கதான்!" என்று கைதட்டினாள் வடிவு. "சொந்த வூட்டுக்காரன் ஒருத்தனும் இல்ல!"

ஆயின் பரசுராமன் எளிதில் வீழ்பவரல்லர். "தம்பி சொல்றது ரொம்ப சரிமா. எல்லாரும் நடந்துதான் வந்தோம். நடந்து வந்தா முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் இருப்பானா இல்லியா? நாங்க முன்னால. நீ கடைசி."

ஆரவாரம் வேம்பின் காக்கைகளை எழுப்பிற்று. "நான் சொன்னது அது இல்லீங்க!" என்று இளங்கோவன் மும்முறை கூவினான்; அவனை ஆய்ந்தறிந்த பெரியோன் என்று புகழ்ந்தார்களேயன்றி எவரும் செவிகொடுத்தாரில்லை.

மறுநாள் இருபத்திரண்டு பாவுகள் சுருட்டப்பட்டபின், வெயில் தோளைச் சுடும் பொழுதில் பழனியின் முறை வந்தது. கஞ்சி தடவத் தடவ உலர்ந்தது. காற்று உதற உதற இழை அறுந்தது. வடிவு பிணைத்தாள், பிணைத்தாள், விரல்நுனி குருதி கசியப் பிணைத்தாள். ஒன்று பிணைக்குமுன் ஒன்பது அறுந்தன. மாலையில் நூல்கொடுத்தவர் வந்து பார்த்தார். பாவைச் சுருட்டி எடுத்துச் சென்றார். அத்திங்கள் முடியுமுன் அவர்களுடைய தறி மாட்டுவண்டியில் ஏறிற்று.

நகருக்கு வெளியே, ஓரிக்கை என்னும் சிற்றூருக்கு அருகே, பாலாற்றங்கரையில் குடிலமைத்தனர். ஆயிரம் பாவுகளை ஒருங்கே நீட்டினும் எஞ்சிக் கிடக்கும் அகன்ற மணல். முதலில் பருத்தி நெய்தனர். மூவாண்டில் பட்டும் திரும்பி வந்தது.

ஒருநாள் வைகறையில், அவர்கள் பாவுக்கு நாற்பது முழத்துக்கு அப்பால், புதிதாய் வந்த பூவம்மாள் என்பாளும் அவள் கணவனும் தம் பாவை நீட்டலாயினர். வடிவு நேரே அவளிடம் சென்றாள்.

"எப்பம்மா வந்தீங்க?"

"போன மாசம்க்கா. ஆரணிப் பக்கத்துலருந்து."

"நாங்க வந்து மூணு வருசம் ஆவுது. நாங்க சுருட்டின அப்பால நீட்டு."

"அடியே, மணல் அம்மாம் பெருசா கெடக்குதே!" என்றான் பழனி.

"கெடக்கட்டும். மொறைன்னு ஒண்ணு இருக்குது" என்றாள் அவள்.

பூவம்மாள் பாவைச் சுருட்டி மடியில் வைத்து, வெயில் ஏறும்வரை வெறுமணலில் காத்திருந்தாள். பனியையும் பாலையையும் கடலையும் கடந்து, கால் தேய நடந்து உலகெலாம் பரவிய மாந்தர்க்கு, வந்த இடத்தில் பின்வந்தோர்க்காக ஓரடி ஒதுங்கி நிற்பது மட்டும் இன்றளவும் கடக்கவியலாத் தொலைவாகவே இருக்கின்றது.