இடக்கைக்கு ஒரு விதிவிலக்கு

மூன்று பேரும் முதலில் அழுதது வேறொரு பிணத்துக்கு.

ஊர்க்கோடித் தகனசாலையின் வாசல் பலகையில் அன்றைக்கு எரியவிருந்தவர்களின் குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் வருடக்கணக்காகச் சனிக்கிழமைதோறும் ஓமியா ரயில்வே ஸ்டேஷன் எதிரிலுள்ள உணவகத்தில் கூட உட்கார்ந்து பேசிய நண்பனின் நிஜப்பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. வீடியோ விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர் இடக்கை. பலகையில் இடக்கை என்று எந்தக் குடும்பமும் இல்லை. ஆகவே கூட்டம் அதிகமாயிருந்த அறைக்குள் புகுந்து, தூபப்பொடி தூவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், படத்தில் ஒரு பல்லில்லாத கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

இவர்கள் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, இடக்கை, அதாவது யோரிகோவின் அண்ணன் சகாதா தகெயுகி, அடுப்புக்குள் போய்விட்டிருந்தான்.

யோரிகோ குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வந்தார்களே, அது போதும். சாம்பலிலிருந்து ஒவ்வோர் எலும்பையும் இரண்டு பேர், ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால், சேர்ந்துதான் தூக்கிச் சாடியில் போட வேண்டும். அம்மா முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கை. வேறு உறவு கிடையாது. ஒற்றை ஆளாக அண்ணனை எப்படிப் பொறுக்குவது? அதனால்தான் அவன் போனில் வந்திருந்த ‘சனிக்கிழமை வருவீங்கல்ல?’ என்ற கேள்விக்கு, ‘அண்ணன் இறந்துவிட்டான், எலும்பெடுக்க வாருங்கள்’ என்று பதில் போட்டாள்.

காத்திருக்கும் அறையில் சுஷித் தட்டும் பீரும் வந்தன. இரண்டு வாய் உள்ளே போனதும் நண்பர்களின் துக்கம் தணிந்து ‘நரித்தீ ஒன்பது’ தொடங்கியது. இவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே முகமூடி வாள்வீரன் ஒருவன் பேய்களை வெட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டு அது. ஒன்பதாம் பாகத்தில் புதிதாகக் ‘கனிவு முறை’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், பேயின் வாள் இறங்கும்போது வீரன் தானாகவே தடுத்துக்கொள்வான்.

“கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டற மாதிரி இருக்கு!” என்றார் சேனாதிபதி. அவர் மெத்தைக் கடையில் கணக்கு எழுதுபவர். கடையில் அவரை யாரும் சேனாதிபதி என்று கூப்பிடுவதில்லை.

“பிடிக்கலேன்னா அமுக்காதீங்க,” என்றாள் மோச்சி, பார்சல் வண்டி ஓட்டுகிறவள். “உங்க வாயைத் திறந்து யாராச்சும் ஊட்டினாங்களா?”

“அது அங்க இருக்கறதே அவமானம். மலைக்கோயிலுக்கு லிஃப்ட் வெச்சா சாமி இறங்கிப் போயிடும்.”

“ஏழாவதுல அந்தச் சிலந்திப் பேய்கிட்ட மாசக்கணக்கா செத்துக்கிட்டிருந்தீங்களே, அப்ப சாமி எங்க இருந்துச்சாம்?”

“அந்தச் சாவுலதான் இருந்துச்சு!”

“கொஞ்சம் மெதுவா,” என்றார் தலைக்கவசம் என்ற மூன்றாமவர். “பக்கத்து ரூம்ல நிஜமாவே செத்திருக்காங்க.”

சேனாதிபதி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியதும் அது பிரசங்கமாகிவிட்டது. “இடக்கை இருந்திருந்தா உங்க வாயை அடைச்சிருப்பார். வலது கையை மேசைக்குக் கீழ வெச்சுக்கிட்டே இருப்பாரே, ஏன்? சபதம்! பேய்க்கே சலுகை குடுத்து, ஒத்தைக் கையால வெட்டின மகான்.”

மகான் விளையாடி யாரும் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மகானாகியிருக்க முடியாது.

“தங்கச்சிம்மா, நீங்களே சொல்லுங்க,” என்று அவர் யோரிகோ பக்கம் திரும்பினார். “கடைசியா ஒன்பதாவதைத்தானே விளையாடிக்கிட்டிருந்தார்? சாதா முறையா, கனிவா? கனிவுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் நான் இப்படியே எழுந்து போயிடுவேன். அந்த மாதிரி ஆளோட எலும்பை என் கை தொடாது.”

மூவரும் வந்தது சேனாதிபதியின் காரில். அவர் எழுந்தால் தலைக்கவசம் எழுவார். மோச்சி எவ்வளவு சண்டை பிடித்தாலும் வீட்டுக்கு அந்தக் காரில்தான் போயாக வேண்டும். யோரிகோ அவர் கோப்பையில் பீரை நிரப்பினாள்.

“போன சனிக்கிழமைகூடச் சொன்னேன், கனிவுக்காரனுங்களுக்கு வாளைப் பிடுங்கிட்டு ஸ்பூனைக் குடுக்கணும்னு. இடக்கை எப்படிச் சிரிச்சார் தெரியுமா!”

யோரிகோவின் கை நின்றது. “அப்ப அவன் என்ன சாப்பிட்டுக்கிட்டிருந்தான்?”

“குழம்புச் சோறுதான். எப்பவும் அதேதான்,” என்றார் தலைக்கவசம். “நாங்க மீன் வாங்குவோம், அவர் தொடமாட்டார். அதுவும் ஒரு சபதம்.”

“ஸ்பூனால?”

“ஸ்பூனாலதான்.”

யோரிகோ பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“சபதமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்களையெல்லாம் பாக்கறதுக்கு முன்னாடியே மூளையில ரத்தம் கட்டி வலது கை விழுந்துடுச்சு. சாப்பிடற குச்சி பிடிக்க வராது அவனுக்கு. அவன் இறந்து கிடந்ததை நான் போய்ப் பாத்தப்ப டி.வி. ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. மூலையில கனிவு முறைன்னு போட்டிருந்துச்சு.”

சுஷித் தட்டில் மிஞ்சியிருந்த ஒற்றை இறாலை மூவரும் பார்த்தார்கள். மோச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேனாதிபதி மேசையில் கையை ஊன்றினார். எழுந்துவிடுவார் என்றே யோரிகோ நினைத்தாள்.

“நோய்னா... அது வேற,” என்றார் சேனாதிபதி. “நோயாளி ஆடினா அது கனிவுல சேராது. விதிவிலக்கு. என்ன சொல்றீங்க, தலைக்கவசம்?”

“சேராதுதான்.”

“டாக்டர் சீட்டு கொண்டாரணுமா?” என்றாள் மோச்சி சுவரைப் பார்த்தபடி.

“கிண்டல் வேண்டாம். இது எல்லாருக்கும் கிடையாது, இடக்கைக்கு மட்டும். அதுவும் இறந்துட்டதால.”

யோரிகோ எழுந்து அவரைத் தலை குனிந்து வணங்கினாள். ஆள் போதவில்லையே, என்ன செய்வது? “ரொம்ப நன்றிங்க.”

அவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

எலும்பெடுக்கக் கூப்பிட்டார்கள். அடுப்பிலிருந்து வந்த தட்டில் அண்ணன் கிடந்தான், சூடு இன்னும் அடங்காமல். வலது கை, இடது கை இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் வெந்திருந்தன. காலிலிருந்து தொடங்கி இரண்டிரண்டு பேராக மேலே வந்தார்கள். தலைக்கவசமும் மோச்சியும் ஒரு ஜோடியாகப் பொறுக்கினார்கள். கடைசியில் கழுத்தெலும்பு. உட்கார்ந்திருக்கும் புத்தரைப் போல இருக்குமே, அது. நெருங்கிய இருவர் எடுக்க வேண்டும் என்றார் வெள்ளைக் கையுறை போட்டிருந்த ஊழியர். யோரிகோவும், மூத்த நண்பர் என்ற முறையில் சேனாதிபதியும் முன்னால் வந்தார்கள்.

நான்கு குச்சிகளுக்கு நடுவே அந்தச் சிறு எலும்பு மேலெழுந்தது. சேனாதிபதியின் குச்சிகள் நடுங்கின. முதலில் நுனி, பிறகு கை, பிறகு தோள். எலும்பு ஒரு பக்கமாகச் சரிந்தது.

“மெதுவா, ஐயா. பதறாதீங்க,” என்றார் ஊழியர் தாழ்ந்த குரலில். சொல்லிக்கொண்டே எலும்புக்குக் கீழே தம் கையை விரித்து ஏந்தினார். “நான் பிடிச்சிருக்கேன். விழாது.”

மோச்சி சேனாதிபதியைப் பார்த்தாள். யோரிகோ எலும்பைப் பார்த்தாள். அந்தக் கையுறைக் கை, சாடியின் வாய்வரைக்கும் எலும்போடு கூடவே வந்தது. வேண்டாம் என்று சேனாதிபதி சொல்லவில்லை.